சோழவந்தானிலிருந்து துபாய்க்கு: ஐந்து மாத ஆயத்தம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2023 ஜூலை 8 அன்று என் பெரியம்மா முதன்முறையாக விமானம் ஏறினார். சோழவந்தானில் பிறந்து, சோழவந்தானிலேயே வாழ்க்கைப்பட்டு, வெற்றிலைக் கொடிக்காலில் உழைத்தவர். மூன்றாம் வகுப்பு வரை படிப்பு. தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. துபாயில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க 60 நாள் போய்வருவதற்கு, பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை ஐந்து மாதம் நாங்கள் ஆயத்தம் செய்தோம். அதில் எதைச் சரியாகச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதை எழுதி வைக்கிறேன். மதுரைப் பக்கத்தில் மகள் பிரசவத்துக்காகக் கடல் கடந்து போகும் தாய்மார்கள் இன்று ஏராளம். அவர்களின் காகிதங்களைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கு இது உதவ வேண்டும் என்பது என் விருப்பம்.

பொறுப்பு என் தலையில் விழுந்தது இயல்பாக நடந்தது. நான் மதுரையில் குடியிருக்கிறேன், கணினியில் படிவம் நிரப்பத் தெரியும், பெரியம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஜனவரிக் கடைசியில் தங்கை துபாயிலிருந்து செய்தி சொன்னாள்: ஜூலை 20 வாக்கில் பிரசவம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவந்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பெரியம்மாவின் பெயர் இருக்கும் காகிதங்களையெல்லாம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரப்பினேன்.

அந்த ஒரு மணி நேரத்தில் கண்டதுதான் பின்னால் வந்த சிக்கல்களில் பாதி. ஆதாரில் வெறும் பெயர், முன்னெழுத்தே கிடையாது. வங்கிப் புத்தகத்தில் பெரியப்பாவின் பெயரிலிருந்து ஒரு முன்னெழுத்து. கொடிக்கால் பத்திரத்தில் அவருடைய அப்பா பெயரைச் சொல்லி, ‘இன்னார் மகள்’. தமிழில் எல்லா இடத்திலும் ஒரே பெயர். ஆங்கிலத்திலோ கடைசியில் வரும் ‘அம்மாள்’ ஓர் அட்டையில் ஒரே ‘எம்’, இன்னொன்றில் இரண்டு. பிறந்த தேதி ஆதாரில் 1962 ஜனவரி 1. பிறந்த நாள் தெரியாமல் வயதை மட்டும் சொன்னவர்கள் பலருக்கும் ஆதார் கொடுத்த தேதி அதுதான். எழுதப்பட்ட பிறந்த தேதி அவருக்கு வேறெங்கும் இல்லாததால் அதில் முரண்பாடு எழவில்லை.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் நான் தவறு செய்தேன். பாஸ்போர்ட் படிவத்தில் இடுபெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. முன்னெழுத்தை அப்படியே போட முடியாது, விரித்தெழுத வேண்டும். ஆதாரில்தான் முன்னெழுத்தே இல்லையே என்று குடும்பப் பெயரை வெறுமையாக விட்டுப் பணத்தையும் கட்டினேன். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் புதுப் பாஸ்போர்ட்டில் பத்து சதவீதம் தள்ளுபடி என்பதால் 1,350. மார்ச் நடுவில் நேர்காணலுக்கு நாள் கிடைத்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

முந்தைய நாள் இரவு தங்கை அழைத்தாள். “அண்ணே, அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி வருகிறது?” என்றாள். சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஒற்றைப் பெயர் ஆகாது அண்ணே” என்றாள்.

அவள் சொன்னது சரி. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவிலும் வருகை விசாவிலும் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்திருந்தது. இடுபெயர், குடும்பப் பெயர் இரண்டில் ஒன்று வெறுமையாக இருந்தாலும் இந்தச் சிக்கல்தான். தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றப் பக்கத்தில் அச்சாகியிருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருக்கிறது. ஆனாலும் அந்த விளக்கத்தை நம்பி, மொழி தெரியாத 61 வயதுப் பெண்ணை விமான நிறுவன கவுண்டரில் வாதாட நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பாஸ்போர்ட் இன்னும் அச்சாகாத நிலையில் திருத்துவது எளிது, அச்சான பின் திருத்துவது பெரும்பாடு. நேர்காணல் நாளை ஓராண்டுக்குள் மூன்று முறை மாற்றிக்கொள்ளலாம். அன்றிரவே மாற்றினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் என்பது நம்மிடம் இல்லாத வழக்கம். நமக்குப் பெயர் ஒன்று, அதன் முன்னே அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்து, கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணுக்கு அந்த எழுத்தும் மாறிவிடும். அதில் குறை ஏதும் இல்லை. ஆனால் உலகத்தின் படிவங்கள் நம்மைக் கேட்டுத் தயாரானவை அல்ல. ஆகவே வெளிநாடு போக நினைக்கும் தமிழர் ஒவ்வொருவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது தம் பெயரை. எந்த நாடு, எந்த மாதம், எந்த விமானம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியப்பா பெயரைச் சேர்ப்பதா, தாத்தா பெயரைச் சேர்ப்பதா? பெரியப்பா அருகில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். “வங்கியில் என் எழுத்துத்தானே இருக்கிறது, அதையே போடு” என்றார். பெரியம்மா உடனே பதில் சொல்லவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, “எங்கள் அப்பா பெயரைப் போடு அய்யா. பத்திரத்தில் அதுதான் இருக்கிறது” என்றார். அவர் அப்பா போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கணவன் பெயரைச் சேர்ப்பதானால் திருமணத்தை நிறுவும் காகிதம் கேட்கக்கூடும், இவர்கள் கல்யாணமோ எங்கும் பதிவாகவில்லை. என் பார்வையிலும் அவர் முடிவே நல்ல முடிவு.

முதலில் ஆதார். பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் ஆங்கில எழுத்துகளையும் அப்போதே தீர்மானித்துத் தாளில் பெரிதாக எழுதிக்கொண்டோம். அதே தாள்தான் பின்பு பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றுக்கும் மூலம். ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் படம் ஒட்டி, அதிகாரியிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். திருத்தம் ஏற மூன்று வாரம் ஆயிற்று. ஏப்ரல் 20 அன்று மதுரையில் பாஸ்போர்ட் நேர்காணல். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி பற்றிய முத்திரை விழும் என்று பெரியப்பா யாரோ சொல்லக் கேட்டுக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது. அது வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிய ஏற்பாடு, உறவினரைப் பார்த்துத் திரும்புபவர்களுக்கு அதனால் தடையும் இல்லை.

அடுத்த தவறும் என்னுடையதே. நேர்காணல் முடிந்தால் போலீஸ் சரிபார்ப்பு வரும், விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியில் ஆள் இருக்க வேண்டும். அது தெரிந்திருந்தும், மே முதல் தேதி பெரியம்மாவைச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்கு அழைத்து வந்தேன். மே 2 மீனாட்சி கல்யாணம், மே 5 அழகர் ஆற்றில் இறங்குவது. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று நானே வற்புறுத்தினேன். மே 4 அன்று சோழவந்தான் வீட்டுக் கதவைக் காவலர் தட்டியிருக்கிறார். பெரியப்பா கொடிக்காலில். பக்கத்து வீட்டில், “திருவிழாவுக்குப் போயிருக்கிறார்கள்” என்ற பதில். முகவரியில் ஆள் இல்லை என்று அறிக்கை போய்விட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். மே 8 காலையில் பெரியம்மாவுடன் காவல் நிலையத்துக்குப் போய், காகிதங்களைக் காட்டி, தெருவில் இருவரைச் சாட்சி சொல்ல வைத்தோம். அறிக்கை இன்னும் அனுப்பப்படாமல் இருந்ததால் தப்பித்தோம். மாதக் கடைசியில் விரைவு அஞ்சலில் பாஸ்போர்ட் வந்தது. பெரியம்மா அதை வாங்கி மாரியம்மன் படத்தின் முன் வைத்துத் திருநீறு இட்டுக்கொண்டார்.

விசாவைத் துபாயிலிருந்து மாப்பிள்ளை எடுத்தார், 60 நாள் வருகை விசா. இதில் கணக்கு நுட்பமானது. நாட்கள் போய் இறங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடும். சீக்கிரம் போனால் பிரசவத்துக்குப் பிறகு இருக்கும் நாள் குறையும், தாமதமாகப் போனால் வலி முந்திக்கொள்ளும். ஜூலை 8 போனால் அறுபதாம் நாள் செப்டம்பர் 5. குழந்தை சொன்ன தேதியில் பிறந்தால், பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் பத்தியம் பார்த்து முடித்தும் சில நாள் கையில் இருக்கும். குறித்த நாளுக்கு மேல் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். அதனால் திரும்பும் டிக்கெட்டைச் செப்டம்பர் 3-க்கே போட்டோம்.

ஜூன் மாதம் முழுவதும் பெட்டிக்குள் என்ன போகலாம், எது போகக் கூடாது என்பதே பேச்சு. இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அறியாமல் செய்த குற்றத்துக்கும் சிறை உண்டு.

முதலாவது வெற்றிலை. சோழவந்தான் வெற்றிலைக்கு அந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அந்த வெற்றிலையை அமீரகத்துக்குள் கொண்டுபோகத் தடை. ஒரு நாளில் ஏழெட்டு முறை போடும் பழக்கம் உள்ளவர் 60 நாள் என்ன செய்வார்? “ஒரு கவுளி மட்டும் ஈரத்துணியில் சுற்றி அடியில் வைத்துக்கொள்கிறேனே” என்று கேட்டார். தலையசைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் கூடாது என்றால் கூடாது. வைகாசியிலிருந்தே குறைக்கத் தொடங்கினார். முதலில் சாப்பாட்டுக்குப் பின் மட்டும், பிறகு இரவில் ஒன்று மட்டும், கடைசி வாரம் சோம்பும் கிராம்பும். புகையிலை சேர்த்துப் போடும் வழக்கம் இல்லாதது நல்லதாயிற்று. ஆனாலும் அந்த நாட்களில் அவர் சிடுசிடுத்ததும் தலைவலி என்று படுத்ததும் எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு பழக்கத்தை ஊரில் உறவுகளுக்கு நடுவே விடுவது, அந்நிய இடத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொண்டே விடுவதைவிட எவ்வளவோ மேல்.

இரண்டாவது கசகசா. நமக்கு அது குருமாவில் அரைக்கும் பொருள். அபினிச் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அது தடை செய்யப்பட்டது, சிங்கப்பூரிலும் அப்படியே. தனியாக யாரும் எடுத்துப்போவதில்லை. ஆபத்து பொடியில்தான் இருக்கிறது. பெரியம்மா மில்லில் அரைத்து வைத்திருந்த கறி மசாலாவில் கசகசா கலந்திருந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு, திப்பிலியைத் தனித்தனியாக, அரைக்காமல், கண்ணுக்குத் தெரியும்படி கட்டினோம். பூண்டும் கருப்பட்டியும் கராமா பகுதியில் உள்ள நம்மூர்க் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கை சொன்னாள். வீட்டில் கிண்டிய பிரசவ லேகியத்தை அனுப்பவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பெரியம்மாவால் எந்த மொழியில் விளக்க முடியும்?

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு தெருக்கோடி வீட்டு அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தார். அவர் மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். “பலகாரம்தான், பிள்ளைக்கு ஆசையாகச் செய்தேன்” என்றார். துணி தைத்து மூடிய பொட்டலம். பெரியம்மாவுக்கு மறுக்க வாய் வரவில்லை. அடுத்தவர் கட்டிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோகக் கூடாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அவரையே பிரிக்கச் சொன்னேன். அதிரசம், நன்றாக வெந்து கருஞ்சிவப்பில் இருந்தது. மேலே எள்ளுக்குப் பதில் கசகசா தூவியிருந்தது. அவருக்கு அது தடை என்று தெரியவே தெரியாது. கேட்டதும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் தட்டை சுட்டு, மூடாத டப்பாவில் கொண்டுவந்து எங்கள் முன்னால் கட்டினார். அன்று சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மூன்றாவது மாத்திரை. பெரியம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், பாதத்தில் எரிச்சல். மூன்றுக்கும் மாத்திரை உண்டு. அட்டைகளைத் திருப்பி, பின்புறம் உள்ள பொடி எழுத்தை உருப்பெருக்கியால் படித்தேன். எரிச்சலுக்கான மாத்திரையில் மெத்தில்கோபாலமினுடன் பிரிகாபலின் இருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரும் மருந்து. அமீரகத்தில் பிரிகாபலின், டிராமடால் என்ற வலி மருந்தைப் போலக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொண்டுபோக வேண்டுமானால் அப்போது அந்நாட்டுச் சுகாதார அமைச்சகத்திடம் இணையத்தில் முன் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மருத்துவரிடம் போனோம். எரிச்சல் குறைந்திருப்பதால் அது இல்லாமலே சமாளிக்கலாம் என்றார். ஆனால் சட்டென நிறுத்தக் கூடாது என்று மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்தார். ஜூன் தொடக்கத்திலேயே அட்டையைப் படித்ததால்தான் அந்த மூன்று வாரம் எங்களுக்குக் கிடைத்தது. மற்ற மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் மூலப் பெயர் எழுதிய ஆங்கிலச் சீட்டோடு, கைப்பையில் வைத்தோம்.

நகை விஷயம் பலர் யோசிக்காதது. வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்த பெண் திரும்பும்போதுதான் 40 கிராம் நகைக்கு வரிச்சலுகை, அதற்கும் அப்போது ஒரு லட்ச ரூபாய் மதிப்பு வரம்பு. 60 நாளில் திரும்புபவருக்கு அது இல்லை. ஊரிலிருந்தே அணிந்துபோன நகை என்று நிறுவ, புறப்படும்போதே சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கலாம். பெரியம்மா அதைவிட எளிய வழி சொன்னார். ஐந்து பவுன் தாலிக்கொடியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டுத் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டார். “எங்கள் அம்மாவும் கயிற்றில்தான் கட்டியிருந்தாள்” என்றார். மகள் அங்கே ஆசைப்பட்டு வாங்கிக் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று இருவரிடமும் சொல்லி வைத்தோம்.

பேச்சுத் தொடர்புக்கு ஒரு குறிப்பு. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. பெரியப்பாவின் கைப்பேசியில் போடிம் செயலியை முன்பே ஏற்றி, மகளோடு பேசிப் பழக்கினோம்.

பிறகு ஒத்திகை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் கவுண்டர், நான் அதிகாரி. பாஸ்போர்ட்டை நீட்டுவது, கேமராவுக்கு நேரே முகத்தைக் காட்டுவது, மகள் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைக் காட்டுவது. சக்கர நாற்காலி உதவி கேட்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். நடக்க முடியாதவர்களுக்கானது அது, கொடிக்காலில் ஏணி ஏறுகிறவருக்கு எதற்கு என்று பெரியம்மாவே மறுத்துவிட்டார். எனக்கும் அது சரி என்றே பட்டது. ஒத்திகையில் ஒன்றுதான் மீண்டும் மீண்டும் தவறியது. குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பவே மாட்டார். “உங்கள் அப்பா பெயரைச் சொன்னால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்” என்று ஐந்தாறு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 8 அன்று மூன்று மணி நேரம் முன்பே பெருங்குடி விமான நிலையத்தில் இறங்கினோம். வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்து அவரை மட்டும் உள்ளே விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று, கவுண்டரில் பெட்டி எடை போடுவதையும் அவர் அட்டையை நீட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்தக் கேள்வியும் எழவில்லை. சுமார் நான்கு மணி நேரப் பயணம், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய ஊர். இரவு தங்கையின் அழைப்பு வந்தது. பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: “அங்கே ஒருவர் அப்பா பெயரைச் சொன்னார் அய்யா. ஒரு நிமிடம் அவர்தான் பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது.”

ஜூலை 17 அன்று குழந்தை பிறந்தது, பெண். கணக்கிட்ட நாட்கள் போதுமானவையாக இருந்தன.

நாங்கள் முற்றிலும் தவறவிட்டது ஒன்று உண்டு. அது ஊரிலேயே இருந்தது. ஐந்து மாதம் போகிறவரை ஆயத்தம் செய்தோம், இருக்கிறவரை யாரும் நினைக்கவில்லை. பெரியப்பாவுக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. அவருக்கும் சர்க்கரை. எந்த மாத்திரை காலை, எது இரவு என்பது பெரியம்மாவின் மனக்கணக்கில்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் அவர் கொடிக்காலில் மயங்கி உட்கார்ந்துவிட்டதாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் எனக்குத் தகவல் சொன்னார். போய்ப் பார்த்தால் மாத்திரையைப் போட்டுவிட்டு இரண்டு வேளை டீயோடு ஓட்டியிருக்கிறார். பேத்தி பிறக்கும் நேரம், மகளிடமும் மனைவியிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே ஊரில் ஒரு மெஸ்ஸில் மூன்று வேளைக்கும் ஏற்பாடு செய்தேன். மாத்திரைகளைப் பழைய பஞ்சாங்கத் தாளில் வேளைவாரியாக மடித்துச் சூரியன், நிலா படம் வரைந்து கொடுத்தேன். இதை ஜூன் மாதமே செய்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 3 அன்று பெருங்குடியில் பெரியம்மா வெளியே வந்தபோது பெரியப்பா ஈரத்துணியில் சுற்றிய ஒரு கவுளி வெற்றிலையோடு நின்றிருந்தார். காரில் ஏறியதும் பெரியம்மா காம்பைக் கிள்ளத் தொடங்கினார். திருமங்கலம் சாலையைத் தாண்டும் வரை பேத்தியைப் பற்றியே பேச்சு. பிறகு பெரியப்பா முன்னிருக்கையில் இருந்த என் தோளைத் தொட்டு, சட்டைப் பையிலிருந்து தன் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

“இதில் என் பெயர் எப்படி இருக்கிறது என்று பார் அய்யா” என்றார். “முதல் பிறந்தநாளுக்கு ஜூலையில் போக வேண்டும்.”

வாங்கிப் பார்த்தேன். முன்னெழுத்து இல்லை.